எழுத்தின் விலை யார் தலையில்? திருவனந்தபுரத்துப் பத்திரிகைகளின் ஒரு நூற்றாண்டு

ஆலன் பகூலா இயக்கி 1976-ல் வெளிவந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்தில் சண்டை இல்லை, துரத்தல் இல்லை, காதல் இல்லை. ராபர்ட் ரெட்ஃபோர்டும் டஸ்டின் ஹாஃப்மனும் நடித்த இரண்டு நிருபர்கள் தொலைபேசியில் பேசுகிறார்கள், மூடிய கதவுகளைத் தட்டுகிறார்கள், நூலகச் சீட்டுகளைப் புரட்டுகிறார்கள், தட்டச்சு செய்கிறார்கள். 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் ஐந்து பேர் பிடிபட்டதில் தொடங்கி 1974 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் நிக்சனின் பதவி விலகலில் முடிந்த வரலாற்றின் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இவ்வளவு விறுவிறுப்பாகச் சொன்ன படம் வேறில்லை. இந்தியப் பத்திரிகைகள் நெருக்கடி நிலைத் தணிக்கையின் கீழ் இருந்த ஆண்டில் அது வெளிவந்தது. புலனாய்வு இதழியல் என்றால் இன்றும் பலருக்கு நினைவு வருவது அந்தச் செய்தி அறைதான். ஆனால் முக்கியமான ஒருவரைப் படம் விட்டுவிட்டது. 'வாஷிங்டன் போஸ்ட்' உரிமையாளர் கேத்தரின் கிரகாம் ஒரு காட்சியிலும் வருவதில்லை. நிருபர்கள் எழுதியதற்கு அதிகாரம் விலை கேட்டது அவரிடம்தான். ஃபுளோரிடாவில் அவரது நிறுவனம் நடத்திய தொலைக்காட்சி நிலையங்களின் உரிமங்களைப் புதுப்பிக்கக் கூடாது என்று நிக்சனுக்கு வேண்டியவர்கள் மனுப் போட்டார்கள். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது.

ஒரு பத்திரிகையின் மதிப்பை அது என்ன எழுதியது என்பதை வைத்து எடைபோடுவது நம் வழக்கம். எழுதியதன் விலை யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தொழிலின் வரலாறு துலங்கும் என்பது என் வாதம். இதற்குத் திருவனந்தபுரத்தைப் போலச் சான்று தரும் ஊர் இந்தியாவில் குறைவு. அரண்மனையும் திவான் கச்சேரியும் பிற்காலத்தில் தலைமைச் செயலகமும் ராக்கெட் ஆய்வுக்கூடங்களும் ஒரே ஊரில் அமைந்ததால், பத்திரிகைக்காரனும் அவன் எழுதும் ஆளும் ஒரே தெருவில் நடந்த நகரம் அது. 1910-ல் ஒரு பத்திரிகை எழுதியதற்கு அதன் ஆசிரியரும் உரிமையாளரும் தங்களிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தார்கள். 1994-ல் பத்திரிகைகள் எழுதியதற்கு, எழுதப்பட்டவர்கள் எல்லாவற்றையும் கொடுத்தார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

'சுதேசாபிமானி'யைத் தொடங்கியவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. சிறையின்கீழ் அருகே வக்கத்தில் பிறந்த அறிஞர். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம், தமிழ் எனப் பல மொழிகள் அறிந்தவர். இஸ்லாமியச் சமூகத்தின் சீர்திருத்தக்காரர். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து 1905 ஜனவரி 19 அன்று அஞ்சுதெங்கில் முதல் இதழைக் கொண்டுவந்தார். அஞ்சுதெங்கு திருவிதாங்கூர்க் கரையோரத்தில் இருந்தாலும் பிரிட்டிஷார் வசம் இருந்த இடம். அடுத்த ஆண்டு நெய்யாற்றின்கரை ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அச்சுக்கூடம் வக்கத்துக்கும், 1907-ல் திருவனந்தபுரத்துக்கும் இடம் மாறியது. இந்த இடமாற்றத்தை வெறும் நிர்வாக வசதியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த இயந்திரம் திவானின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் வாசலிலேயே கடை விரிப்பதற்கு ஆசிரியரின் துணிவு மட்டும் போதாது. முதல் போட்டவரின் சம்மதமும் வேண்டும். மௌலவி அந்தச் சம்மதத்தை நிபந்தனை இல்லாமல் கொடுத்தார். ஆசிரியர் எழுதுவதில் அவர் தலையிடவில்லை.

பிள்ளை எழுதியது அரண்மனை ஊழியர்களின் ஊழலைப் பற்றி, பதவி விற்பனையைப் பற்றி, திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் நடத்தையையும் பற்றி. மன்னர் தெய்வப் பிரதிநிதி என்ற நம்பிக்கை வேரூன்றியிருந்த நாட்டில், மன்னரும் குடிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரே என்று எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வெளிவந்தது. பத்திரிகை தடை செய்யப்பட்டது. அச்சுக்கூடம் முத்திரையிடப்பட்டுப் பறிமுதலானது. பிள்ளை கைது செய்யப்பட்டு, திருநெல்வேலிப் பக்கம் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, எழுதியதில் எது பொய் என்ற கேள்வியே எழவில்லை. சென்னையிலும் பாலக்காட்டிலும் கண்ணூரிலும் எஞ்சிய காலத்தைக் கழித்து, 1916 மார்ச் 28 அன்று, 37 வயதில், கண்ணூரில் அவர் இறந்தார். உடல் பையாம்பலம் கடற்கரையில் சேர்ந்தது. அந்த ஐந்தரை ஆண்டுகளில் அவர் செய்த வேலை வியக்கவைப்பது. மலையாளத்தில் இதழியல் தொழிலைப் பற்றிய முதல் நூலான 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' 1912-ல் வந்தது. கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதியதும் அதே ஆண்டில்தான். அவரோடு நாடு விட்டு வந்த மனைவி பி. கல்யாணி அம்மாள் அந்த ஆண்டுகளைப் பின்னர் நூலாக எழுதினார். அவரும் விலை கொடுத்தவர்தான்.

மௌலவியின் இழப்பைப் பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. ஆசிரியரின் எழுத்துக்காக உரிமையாளரின் அச்சுக்கூடம் போனது. இழப்பீடு தரப்படவில்லை. அரசோடு சமாதானம் பேசி இயந்திரத்தை மீட்கலாம் என்று யோசனை சொன்னவர்களிடம், என் ஆசிரியர் இல்லாமல் எனக்கு எதற்கு அச்சுக்கூடம் என்று அவர் கேட்டதாகக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். அந்தச் சொற்கள் எப்படி இருந்திருந்தாலும் அவர் செய்தது தெளிவு: மன்னிப்பு எழுதித் தரவில்லை. பொருளாதாரம் நொடித்த நிலையிலும் வேறு இதழ்கள் நடத்தி, 1932-ல் மறைந்தார். திருவனந்தபுரம் பாளையத்தில் நிற்கும் சிலை பிள்ளையுடையது. 1957-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அதைத் திறந்துவைத்தார். ஹாலிவுட் படத்தில் கிரகாமுக்கு நேர்ந்தது நம் நினைவில் மௌலவிக்கு நேர்ந்திருக்கிறது. எழுதுகிறவன் கண்ணில் படுகிறான். எழுத விடுகிறவர் மறைந்துபோகிறார்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் நியாயமானவை. முதலாவது, தமிழ் வாசகர்களிடமிருந்து வரக்கூடியது. ராஜகோபாலாச்சாரி தமிழர். அவருக்கு முன் 1880-களில் திவானாக இருந்த ராமய்யங்கார் தமிழர். அவரை விமர்சித்து எழுதிய ஜி. பரமேஸ்வரன் பிள்ளை என்ற மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, சென்னைக்கு வந்து 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' ஆசிரியரானார். பின்னால் வந்த சி.பி. ராமசாமி அய்யரும் தமிழர். அப்படியானால் இவையெல்லாம் பரதேசி அதிகாரிகள் மீது மலையாளிகளுக்கு இருந்த வெறுப்பின் வெளிப்பாடுதானோ? அந்த வெறுப்பு இருந்தது உண்மை. 1891-ன் மலையாளி மெமோரியல் என்ற மனு அதற்குச் சாட்சி. ஆனால் ராமகிருஷ்ண பிள்ளை திவானை மட்டும் தாக்கவில்லை. அரண்மனையில் செல்வாக்குப் பெற்ற மலையாளிகளையும், இறுதியில் மலையாள மன்னரையுமே கேள்விக்குள்ளாக்கினார். எல்லைக்கு அப்பால் அவருக்குப் புகலிடம் கொடுத்தது தமிழ் மண் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. 1910-ல் புலையர் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்க அரசு முயன்றபோது, அதை எதிர்த்து எழுதியவர் இதே ராமகிருஷ்ண பிள்ளை. பல தலைமுறைகளாக அறிவை உழுதவர்களையும் நிலத்தை உழுதவர்களையும் ஒன்றாக உட்காரவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போலாகும் என்பது அவர் கருத்து. அதே திவானின் காலத்தில்தான் புலையர் தலைவர் அய்யங்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். அப்படியென்றால் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர் வீரர், துரத்தியவர் கொடுங்கோலர் என்ற சித்திரம் கலைகிறது. கலையட்டும். விலை கொடுத்தார் என்பதாலேயே ஒருவர் எழுதியதெல்லாம் சரியாகிவிடாது. சாதி விஷயத்தில் பிள்ளை எழுதியது தவறு. அதை அவருடைய காலத்தின் மீது போட்டுத் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் அதே காலத்தில், அதே ஊர்களில், அய்யங்காளி எதிர்த்திசையில் போராடிக்கொண்டிருந்தார். ஆனால் என் வாதம் வேறோர் இடத்தில் நிற்கிறது. தன் எழுத்துக்குத் தானே பிணையாக நிற்கிறவனிடம் நாம் எதிர்வாதம் செய்ய முடியும். அவன் பெயர் தெரியும், அவன் நிற்கும் இடம் தெரியும், அவன் தவறினால் அந்தத் தவறு அவனுடையது. மறைவாக யாரோ கொடுத்த தாளை வாங்கி அச்சிடுகிறவனிடம் அந்த வாதம் நடக்க வழியில்லை.

இடையில் வந்த முப்பது, நாற்பது ஆண்டுகளின் கதை இதே பாதையில் போகிறது, விரைவாகச் சொல்லலாம். ஏ. பாலகிருஷ்ண பிள்ளையின் 'பிரபோதகன்' 1930-ல் தொடங்கிய ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. உடனே அவர் தொடங்கிய 'கேசரி' 1935 வரை தாக்குப்பிடித்து, கடனில் மூழ்கி நின்றது. 1938-ல் பொறுப்பாட்சிக்கான போராட்டத்தின்போது திவான் சி.பி. கையாண்ட முறை நுட்பமானது. 'மலையாள மனோரமா'வின் ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளையின் குடும்பத்துக்குத் தொடர்புடைய திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலோன் வங்கி அந்த ஆண்டு நொடித்தது. செப்டம்பரில் கோட்டயத்தில் பத்திரிகை முத்திரையிடப்பட்டது. மாப்பிள்ளை கைதாகித் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். மனோரமா மீண்டும் வெளிவர 1947 நவம்பர் ஆயிற்று. ராஜகோபாலாச்சாரி எழுதியவரைத் துரத்தினார். சி.பி. எழுத விட்டவரின் கல்லாப்பெட்டியையே உடைத்தார். பத்திரிகையின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எப்போதுமே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு பத்திரிகைகள் வளர்ந்தன. 1970-களில் பேட்டையிலிருந்து வெளிவந்த 'கேரள கௌமுதி'யில் எஸ். ஜெயச்சந்திரன் நாயரும் என்.ஆர்.எஸ். பாபுவும், எம்.எஸ். மணியின் தலைமையில், காட்டுக் கொள்ளையைப் பற்றி எழுதிய 'காட்டுகள்ளன்மார்' தொடர், மலையாளத்தில் புலனாய்வு எழுத்துக்கு முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. 1987-ல் டென்னிஸ் ஜோசப் எழுதி ஜோஷி இயக்கிய 'நியூ டெல்லி' என்ற மலையாளப் படம் வந்தது. அதில் மம்மூட்டி நடித்த ஆசிரியர், முந்திச் செய்தி தருவதற்காகக் குற்றங்களையே நிகழ்த்துகிறார். படம் பெரும் வெற்றி பெற்றது. பகூலாவின் படத்தில் நிருபர்கள் நடந்ததைத் தேடிப் போகிறார்கள். இதில் பத்திரிகை தனக்கு வேண்டியதை நடத்திக்கொள்கிறது. ஏழு ஆண்டுகள் கழித்துத் திருவனந்தபுரத்தில் நடந்தது இரண்டாவதற்கே நெருக்கமானது.

1994 அக்டோபரில் மாலத்தீவுப் பெண் ஒருவர், விசா முடிந்தும் தங்கியதாகக் கைது செய்யப்பட்டார். சில வாரங்களில் அது உளவு வழக்காக ஊதப்பெருத்தது. வலியமலையில் திரவ எரிபொருள் எந்திரங்களை உருவாக்கும் மையத்தின் விஞ்ஞானிகள், ராக்கெட் ரகசியங்களை வரைபடங்களாக வெளிநாட்டுக்கு விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த நம்பி நாராயணன் நவம்பர் 30 அன்று கைதானார். இந்தியாவின் ஏவுகலங்களைச் சுமக்கும் விகாஸ் எந்திரத்தை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மலையாளப் பத்திரிகைகளின் முதல் பக்கங்கள் இந்த வழக்கால் நிறைந்தன. காவல்துறையும் உளவுத்துறையும் கசியவிட்ட விசாரணைக் கதைகள், கைதான பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிய கூச்சமற்ற வர்ணனைகள், கைமாறியதாகச் சொல்லப்பட்ட பணத்தின் கணக்குகள் எல்லாம் நிருபர்களின் பெயரோடும், புலனாய்வு என்ற பெருமையோடும் அச்சேறின. காங்கிரஸின் உட்கட்சிச் சண்டை இதில் எண்ணெய் ஊற்றியது. உயர் காவல் அதிகாரி ஒருவரைக் காப்பாற்ற முயல்வதாக முதல்வர் கருணாகரன் மீது பழி விழுந்து, 1995 மார்ச்சில் அவர் பதவி விலகினார். ஒரு முதல்வரின் வீழ்ச்சி வரை போனதால், தங்களுக்கும் ஒரு வாட்டர்கேட் கிடைத்துவிட்டது என்று செய்தி அறைகள் நம்பியிருக்கக்கூடும்.

சிபிஐ விசாரித்தது. 1996-ல் எர்ணாகுளம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த அறிக்கையில் குற்றச்சாட்டுகள் பொய் என்றது. நீதிமன்றம் அதை ஏற்றது. மாநில அரசு மறுபடியும் விசாரிக்க முயன்றதை 1998 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14 அன்று அதே நீதிமன்றம் நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த, ரஷ்ய நிறுவனமொன்றின் இந்தியப் பிரதிநிதியாக இருந்தவர், அந்தத் தீர்ப்பை அறியாமலே இரண்டு நாளில் பெங்களூரில் இறந்தார். வழக்கில் கைதான மாலத்தீவுப் பெண்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 2020-ல் கேரள அரசு நம்பி நாராயணனுக்கு மேலும் 1.3 கோடி ரூபாய் கொடுத்தது. 2024-ல் முன்னாள் அதிகாரிகள் ஐந்து பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. 50 லட்சமும் 1.3 கோடியும் மக்களின் வரிப்பணம். முதல் பக்கங்களை நிரப்பிய எந்தப் பத்திரிகையின் கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய் அதில் சேரவில்லை.

பத்திரிகைகள் சார்பில் சொல்லப்படும் வாதம் ஒன்றுண்டு: காவல்துறை சொன்னதை நம்பினோம், நாங்களும் ஏமாற்றப்பட்டோம். இதை அப்படியே தள்ளிவிட மாட்டேன். மூத்த அதிகாரிகள் ஒரே குரலில் சொல்லும்போது, நாளைய இதழுக்கு மணி நெருங்கும்போது, சந்தேகப்படுவது எளிதல்ல. வாட்டர்கேட்டிலும் மறைமுகத் தகவலாளி இருந்தார், அவர் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரி மார்க் ஃபெல்ட் என்பது 2005-ல்தான் வெளியானது. அவருக்கும் சொந்த நோக்கங்கள் இருந்திருக்கும். வேறுபாடு, சொல்லப்பட்டதை என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அவர் கோடி காட்டியதை வைத்து நிருபர்கள் நிக்சனின் தேர்தல் குழுவில் வேலை பார்த்தவர்களின் பட்டியலோடு வீடு வீடாகப் போனார்கள். அப்படியும் அக்டோபர் 1972-ல் ஒரு செய்தியில் சறுக்கினார்கள்: நிக்சனின் தலைமை அதிகாரி ஹால்டெமனின் பெயரைப் பெருநடுவர் மன்றத்தில் ஒருவர் சொன்னதாக எழுதினார்கள்; அவர் அங்கே அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சறுக்கலின் அடி நிருபர்கள் மீதும் ஆசிரியர் பிராட்லீ மீதும் விழுந்ததைப் படமும் மறைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் வீடு வீடாகப் போகப் பட்டியல்கூடத் தேவைப்பட்டிருக்காது. தும்பா, வலியமலை விண்வெளி மையங்களில் வேலை பார்த்த பொறியாளர்கள் அந்த நிருபர்களின் அண்டை வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரே கேள்வி கேட்டிருக்கலாம்: விற்றதாகச் சொல்லப்படும் கிரையோஜெனிக் (அதிகுளிர் எரிபொருள்) எந்திரத் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறதா? அதைப் பெற 1991-ல் ரஷ்யாவின் கிளவ்கோஸ்மோஸுடன் செய்த ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதி, அமெரிக்க அழுத்தத்தால் 1993-ல் கைவிடப்பட்டது பத்திரிகைகளிலேயே வந்த செய்தி. இந்தியா தன் சொந்தக் கிரையோஜெனிக் எந்திரத்தை விண்ணில் வெற்றிகரமாக இயக்கியது 2014 ஜனவரியில். கையில் இல்லாத சரக்கை 1994-ல் எப்படி விற்றிருக்க முடியும்? ராக்கெட் எந்திரம் என்பது வரைபடத்தைச் சுருட்டி எடுத்துப்போய் இன்னோர் ஊரில் கட்டிவிடக்கூடியதா? இதைக் கேட்டவர்கள் மிகச் சிலர். ஜெ. ராஜசேகரன் நாயர் போன்றவர்கள் அலைக்கு எதிராக எழுதினார்கள். அவர் பின்னர் முழு நூலே எழுதினார். கேட்க முடியாத கேள்வி அல்ல என்பதற்கு அவர்களே ஆதாரம். மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? சோம்பல், போட்டி, விற்பனை என்று காரணங்கள் சொல்லலாம். எனக்குத் தெரிகிற அடிப்படைக் காரணம், கேட்காமல் விட்டால் தங்களுக்கு எதுவும் ஆகாது என்பது. ராமகிருஷ்ண பிள்ளையின் ஒவ்வொரு வரியும் அவரைச் சிறைக்கோ எல்லைக்கோ கொண்டுபோகக்கூடியதாக இருந்தது. 1994-ல் அரசு சொன்னதை எழுதியவர்களுக்கு அரசிடமிருந்து ஆபத்து இல்லை. எழுதப்பட்டவர்களோ பூட்டிய அறைக்குள் இருந்தார்கள்.

சட்டம் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது. 1978-ன் பத்திரிகைக் கவுன்சில் சட்டப்படி கவுன்சில் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. 1963-ன் காலவரம்புச் சட்டப்படி, அச்சில் வந்த அவதூறுக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்க, வெளியான நாளிலிருந்து ஓராண்டே அவகாசம். 1994 டிசம்பரில் அச்சான பொய்க்கு அந்தக் கெடு 1995 டிசம்பரில் முடிந்துவிட்டது. குற்றச்சாட்டு பொய் என்று நீதிமன்றம் ஏற்றதோ 1996-ல். நிரபராதி என்று நிரூபிக்க ஆதாரம் கையில் வந்தபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. காவலில் வைக்கப்பட்டவரைப் பற்றிய செய்திகளுக்கு மட்டுமாவது, இந்த ஓராண்டை அவர் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். அப்படிச் செய்தால் பணமும் பலமும் உள்ளவர்கள் சிறு பத்திரிகைகளை வழக்குப் போட்டே கொன்றுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. மௌலவியின் அச்சுக்கூடத்தை நினைப்பவர்கள் அதை அலட்சியப்படுத்த மாட்டார்கள். அதனால் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் பெருமுதலாளிக்கும் இந்த நீட்டிப்பு கிடைக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பை, அல்லது அவர் துறையை அறிந்த வேறொருவரை, வெளியிடுமுன் கேட்டதற்குக் குறிப்பு வைத்திருக்கும் பத்திரிகைக்கு முழுப் பாதுகாப்பு தரலாம். வலியமலையிலிருந்து வீடு திரும்பும் பேருந்தில் ஒரு பொறியாளரிடம் பேசி எடுத்த அரைப்பக்கக் குறிப்பு அதற்குப் போதும்.